கார்பன் சைக்கிளைக் காரில் கொண்டுபோவது எப்படி? கொல்லிமலைக்குப் போய்வந்த பிறகு நான் பின்பற்றும் முறை

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கிய களைப்போடு, பொழுது சாயும் நேரத்தில், காரவள்ளி அடிவாரத்தில் நானும் நண்பரும் எங்கள் இரண்டு சைக்கிள்களையும் காரின் பின்பக்கத்தில் அவசரமாக ஏற்றினோம். இரண்டுக்கும் நடுவே ஒரு போர்வையை விரித்திருந்ததால் அதுவே போதும் என்று நினைத்துவிட்டோம். சென்னை வந்து இறக்கியபோது என் சைக்கிளின் டவுன் ட்யூபில் (ஹேண்டில்பார் பக்கமிருந்து பெடல் பக்கம் சாய்வாக இறங்கும் குழாய்) விரல்நக அளவுக்குப் பெயிண்ட் முழுவதும் தேய்ந்து, உள்ளே இருக்கும் கறுத்த கார்பன் இழை வெளியே தெரிந்தது. வழியில் போர்வை விலகி, நண்பருடைய சைக்கிளின் பெடல் முனை அந்த ஒரே இடத்தில் மணிக்கணக்காக உரசிக்கொண்டே வந்திருக்கிறது. கார்பன் பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டி, இழை அறுபடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, எபாக்சி பிசின் பூசி மூடும்வரை நான் அந்தச் சைக்கிளில் ஏறவில்லை. அன்று முதல் கீழே சொல்லும் முறையில்தான் ஏற்றுகிறேன். அதன்பின் ஒரு கீறல்கூட விழவில்லை.

முறைக்குப் போகுமுன் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். ஓட்டும்போது விசை எந்தத் திசையில் வருமோ, அந்தத் திசையில் தாங்கும்படி கார்பன் இழைகளை அடுக்கி ஃபிரேமைச் செய்கிறார்கள். அதனால்தான் குழாயின் சுவர் சில இடங்களில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமனே இருந்தாலும் நம் எடையையும் சாலைக் குழிகளையும் அது தாங்குகிறது. அதே குழாயைப் பக்கவாட்டில் ஒரு புள்ளியில் அழுத்தினாலோ, கிளாம்ப் போட்டு நெரித்தாலோ தாங்காது. அலுமினியம் என்றால் பள்ளம் கண்ணுக்குத் தெரியும். கார்பனிலோ உள்ளடுக்குகள் பிரிந்த பின்னும் மேலே பெயிண்ட் ஒழுங்காகவே இருக்கலாம். ஆகவே ஒரு புள்ளியில் அழுத்தமும் கூடாது, உரசலும் கூடாது. மற்ற எல்லாப் படிகளும் இந்த இரண்டுக்காகத்தான்.

உள்ளேயா, வெளியேயா?

பின் இருக்கையை மடக்கிக் காருக்குள்ளேயே வைப்பதைத்தான் நான் பரிந்துரைப்பேன். டிக்கிக் கதவில் பட்டை போட்டு மாட்டி, டாப் ட்யூபில், அதாவது மேல்குழாயில், சைக்கிளைத் தொங்கவிடும் ரேக்கைக் கார்பன் ஃபிரேமுக்குப் பயன்படுத்தவே வேண்டாம். ஒவ்வொரு வேகத்தடையிலும் சைக்கிளின் எடை முழுவதும் மெல்லிய குழாயில் இறங்கும். நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறைவதால் சட்டச் சிக்கலும் உண்டு. புகைபோக்கிக்கு நேரே டயரோ ரிம்மோ வந்தால் சூட்டில் கெட்டுப்போகும்.

கூரை ரேக்தான் வேண்டும் என்பவர்கள், ஃபிரேமைத் தொடாமல் சக்கரங்களை மட்டும் பிடிக்கும் வகையை வாங்குங்கள். டவுன் ட்யூபைப் பிடிக்கும் வகையே கையில் இருந்தால், தூலே நிறுவனத்தின் புரோரைட் போல, அளவுக்கு மேல் இறுகாதபடி திருகு அமைந்த ரேக்காகவும், ஃபிரேம் தயாரிப்பாளர் அதை அனுமதிப்பதாகவும் இருக்கட்டும். சைக்கிளோடு சேர்த்துக் காரின் உயரம் இரண்டரை மீட்டரைத் தாண்டிவிடும் என்பதை, வணிக வளாகத்தின் நிலத்தடி வாகன நிறுத்தத்துக்குள் நுழையுமுன் நினைவில் கொள்ளுங்கள்.

முதல் படி: கழற்றுதல்

சக்கரத்தைக் கழற்றுவது எப்படி என்று இங்கே விளக்கப் போவதில்லை. பின் சக்கரத்தை எடுக்குமுன் செயினை ஆகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பெடல்கள் இரண்டையும் கழற்றிப் பையில் போடுங்கள். இடது பெடலின் மரை எதிர்த் திசையில் சுற்றும். கழற்றிய த்ரூ ஆக்சிலை (சக்கரத்தின் நடுவே செல்லும் அச்சுக்கம்பி) வெறுமனே உள்ளே போடாமல், ஃபோர்க்கிலும் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) பின் டிராப் அவுட்டிலும் (பின் அச்சு அமரும் இடம்) திரும்பச் செருகித் திருகிவிடுங்கள். ஆக்சிலும் தொலையாது, பக்கவாட்டு அழுத்தத்தில் ஃபோர்க்கின் கால்கள் நெருங்காமலும் இருக்கும்.

ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ளவர்கள், சக்கரம் வெளியே வந்த உடனே காலிப்பரின் (பிரேக் பேட்களைத் தாங்கும் பாகம்) பேட்களுக்கு நடுவே பிளாஸ்டிக் தடுப்பைச் செருக வேண்டும். அது இல்லையென்றால், அட்டையை நான்காக மடித்துச் செருகினாலும் போதும். ரோட்டார் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு) இல்லாதபோது பிரேக் லீவர் அழுந்தினால் பிஸ்டன்கள் வெளியே வந்துவிடும். போய்ச் சேர்ந்த இடத்தில் சக்கரம் உள்ளே நுழையாது.

இரண்டாம் படி: நுரைக்குழாய்

நான் தவறியது இந்தப் படியில்தான் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். விரித்துப்போட்ட போர்வை காப்பு ஆகாது, ஏனென்றால் ஓடும் காரில் அது நகரும். காப்பு ஃபிரேமோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். ஏசி செம்புக்குழாய்களுக்கு மாட்டும் கறுப்பு நுரைக்குழாய், ஏசி உதிரிபாகக் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். சைக்கிளுக்கென்றே விற்கும் உறைகளை விட எனக்கு இதுவே பிடித்திருக்கிறது. அதை நீளவாக்கில் கத்தியால் பிளந்து, டாப் ட்யூப், டவுன் ட்யூப், இரண்டு ஃபோர்க் கால்கள், இரண்டு செயின் ஸ்டே (பெடல் பக்கமிருந்து பின் சக்கர அச்சுக்குப் போகும் கீழ்க்குழாய்கள்) ஆகியவற்றின் மேல் மாட்டி, வெல்க்ரோ பட்டையால் கட்டுங்கள். டவுன் ட்யூப் பருமனாக இருந்தால் இரண்டு துண்டுகளை இணைத்துப் போடலாம். பெயிண்டின் மேல் நேரடியாக டேப் ஒட்ட வேண்டாம்.

நுரையை மாட்டுமுன் ஃபிரேமை ஈரத்துணியால் துடைத்து உலர விடுங்கள். நுரைக்கும் பெயிண்டுக்கும் நடுவே மண்துகள் சிக்கினால், காப்புக்காகப் போட்ட நுரையே உப்புத்தாளாக மாறிவிடும்.

ஹேண்டில்பாரைத் திருப்பும்போது அதன் முனையோ லீவரோ டாப் ட்யூபில் இடிக்கிறதா என்று பாருங்கள். இடிக்கும் இடத்தில் இரண்டு மடங்கு நுரை வேண்டும்.

மூன்றாம் படி: கிடத்துதல்

செயின் இருக்கும் பக்கம் எப்போதும் மேலே பார்க்கட்டும். பின் டிரெய்லியரின் (செயினைக் கியருக்குக் கியர் நகர்த்தும் பாகம்) மேல் எடை விழுந்தால், அதை ஃபிரேமோடு இணைக்கும் ஹேங்கர் வளைந்துவிடும். லேசாக வளைந்தாலும் மலையேற்றத்தில் கியரை மாற்றும்போது செயின் ஸ்போக்குக்குள் பாயக்கூடும். தூரப் பயணமென்றால் நான் டிரெய்லியரை 5 மி.மீ. ஆலன் கீயால் ஹேங்கரிலிருந்தே கழற்றி, துணி சுற்றி, செயின் ஸ்டேக்கு உட்புறமாகக் கட்டிவிடுகிறேன்.

சக்கரங்களைத் தனித்தனிப் பைகளில் இட்டு, ரோட்டார் உள்ள பக்கம் ஃபிரேமைப் பார்க்காதபடி ஓரமாக நிறுத்துங்கள். இரண்டாவது சைக்கிள் இருந்தால், நடுவே முழு நீளத்துக்கு ஒரு யோகா பாயையோ மடித்த மெத்தையையோ வையுங்கள். சைக்கிளின் மேல் பெட்டியோ தண்ணீர்க் கேனோ வைக்கவே கூடாது. ஆடாமல் இருக்கக் கட்டும் பட்டையை உலோகக் கிராங்கிலோ உலோக சீட் போஸ்ட்டிலோ போட்டுக் கையால் இழுத்துக் கட்டுங்கள். லாரிக்காரர்கள் பயன்படுத்தும் ராட்செட் பட்டை வேண்டாம். அதன் இழுவிசை எவ்வளவு என்பது கைக்குத் தெரியாது.

வெயில்

மூடிய காரின் உட்புறம் கோடையில் 60 டிகிரியை எளிதில் எட்டும். இந்தச் சூடு ஃபிரேமின் எபாக்சியைப் பொதுவாகப் பாதிக்காது என்றாலும் டயரைக் கவனிக்க வேண்டும். 30 டிகிரியில் 70 பிஎஸ்ஐ நிரப்பிய டயர், 60 டிகிரியில் 78 பிஎஸ்ஐ வரை ஏறும். ஹூக்லெஸ் ரிம்முக்கு (டயர் விளிம்பைப் பிடிக்கும் கொக்கி இல்லாத ரிம்) உச்ச வரம்பே 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ. ஆகவே ஏற்றும்போதே, இருக்கும் அழுத்தத்திலிருந்து 15 பிஎஸ்ஐ குறையும்படி காற்றை இறக்கிவிடுங்கள்.

இறக்கிய பிறகு

பிரேக் லீவரை நாலைந்து முறை அழுத்தி அதன் பிடிமானத்தைப் பாருங்கள்; எல்லாக் கியரையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள். கழற்றிய போல்ட்களை டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் திருகி) கொண்டு, அந்தப் பாகத்தின் மேல் அச்சிட்டிருக்கும் நியூட்டன் மீட்டர் அளவுக்கே இறுக்குங்கள். கார்பன் சைக்கிள் வைத்திருப்பவர் ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால், அது டார்க் ரெஞ்சாகவே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஃபிரேமில் சந்தேகமான இடம் தெரிந்தால், ஒரு நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் மட்டும் ஓசை மந்தமாகக் கேட்டால் ஓட்ட வேண்டாம். ஓசை சரியாக இருப்பதை மட்டுமே நம்பி ஓட்டிவிடவும் கூடாது. விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு, எஸ்ராம் ஏஎக்ஸ்எஸ் என்ற, பேட்டரியில் இயங்கும் வயர்லெஸ் கியர் அமைப்பு வைத்திருக்கும் வாசகர் ஒருவர், மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது பேட்டரி தீர்ந்திருந்தது என்று எழுதியிருந்தார். காரின் அதிர்வைச் சைக்கிள் ஓடுவதாக எடுத்துக்கொண்டு அந்த டிரெய்லியர் விழித்தே இருக்கும். ஏற்றுமுன் பேட்டரியைக் கழற்றி, அதற்குரிய மூடியைப் போட்டுவிடுங்கள். இன்னொருவர், திரும்பும்போதும் இவ்வளவும் செய்ய வேண்டுமா என்று கேட்டிருந்தார். என் ஃபிரேம் தேய்ந்தது திரும்பும் வழியில்தான். அடிவாரத்தில் இதற்கென்று அரை மணி நேரத்தையும், துடைக்க இரண்டு பாட்டில் தண்ணீரையும், இருட்டிவிட்டால் தலையில் மாட்டும் ஒரு விளக்கையும் ஒதுக்கி வையுங்கள்.