தையலில் தாத்தா பிறந்த வருடம்

கிராஸ் ஸ்டிச்சில் (பெருக்கல் குறித் தையலில்) குடும்ப வரலாறு தைக்கிறீர்களா? குமரி மாவட்டத்துப் பழைய பத்திரத்தில் ஆண்டு 10 அல்லது 11 என்று தொடங்கினால் அது கேரளத்தின் கொல்லம் ஆண்டு; ஆங்கில ஆண்டுக்கு 825 கூட்டிக்கொள்ளுங்கள். ஆவணி முதல் கார்த்திகை வரை என்றால் 824.

1956 நவம்பரில் தமிழகத்தோடு இணையும்வரை குமரி மாவட்டம் திருவிதாங்கூர்ப் பக்கம். அதனால் பத்திரங்களில் ஆவணியில் பிறக்கும் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். ‘1098 தை’ என்றால் 1923. அதே 1098 ஆவணி என்றால் 1922. தைத்தபின் தவறு தெரிந்தால் ஒவ்வொரு பெருக்கல் குறியாகப் பிரிக்க வேண்டும், துணியும் நைந்துவிடும்.

மார்கழியில் மட்டும் தேதி பார்க்கணும்: டிசம்பர் 31 வரை 824, அப்புறம் 825. மாதமே எழுதவில்லையா? மாற்றாதீர்கள். ‘கொ.ஆ. 1098’ என்றே தைத்துவிடுங்கள், எனக்கு அதுதான் அழகாகவும் படுகிறது. 18, 19 என்று தொடங்கினால் அது ஆங்கில ஆண்டுதான், இந்தக் கணக்கே வேண்டாம்.