அயர்லாந்தின் வட்டக் கோட்டையைத் தொடாமல் பதிவு செய்வது எப்படி?

அயர்லாந்தின் வயல்களில் ‘ராத்’ எனப்படும் வட்டக் கோட்டைகள் 40,000க்கும் மேல் இருக்கின்றன. மண்கரையும் அதன் வெளியே அகழியுமாக வட்டமாகத் தெரியும் இவை, பெரும்பாலும் கி.பி. 500 முதல் 1000 வரையிலான பண்ணைவீடுகளின் சுற்றரண்கள். மாயமக்கள் குடியிருக்கும் இடம் என்று அஞ்சி, அங்கிருந்த முள்மரத்தைக்கூட உழவர்கள் வெட்டாமல் விட்டார்கள். புல்டோசர் வந்தபின் அந்த அச்சம் மட்டும் போதவில்லை. இங்கே சொல்வது அயர்லாந்துக் குடியரசுக்கான முறை. வட அயர்லாந்தில் சட்டம் வேறு.

படி 1: வீட்டில்
தேசிய நினைவுச்சின்னச் சேவையின் இணைய வரைபடத்தில் இடத்தைத் தேடி, பதிவு எண்ணையும் ‘டவுன்லேண்ட்’ எனும் சிற்றூர்ப் பிரிவின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். 1830–40களின் ஆறங்குல நிலப்படத்தையும் (ஒரு மைலை ஆறு அங்குலமாகக் காட்டுவது) பாருங்கள். அதில் முழு வட்டமும் இன்றைய வான்படத்தில் பாதியும் இருந்தால், மீதி சமன்செய்யப்பட்டிருக்கலாம். வரைபடத்தில் புள்ளி இல்லாததால் மட்டும் அங்கே தொல்லிடம் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

படி 2: அனுமதியும் பருவமும்
பெரும்பாலானவை தனியார் நிலம். உரிமையாளரிடம் கேட்டபின்பே கால் வையுங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை போங்கள். கோடையில் புதர் மூடிவிடும்; கரை எங்கே முடிகிறது என்றே தெரியாது.

படி 3: அளத்தல்
தேவையானவை: 50 மீட்டர் டேப், சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட 2 மீட்டர் அளவுகோல் இரண்டு, நூல், நூலில் மாட்டும் ரசமட்டம், காம்பஸ், பென்சில். மழையில் பேனா மை கரைந்துவிடும். துணைக்கு ஒருவர் வேண்டும்.

வடக்கு–தெற்கு, கிழக்கு–மேற்கு என இரண்டு விட்டங்களை எடுங்கள். எந்த ராத்தும் சரியான வட்டமில்லை. புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஒரு பக்கம் கரையின் உச்சியிலும் மறுபக்கம் அடியிலும் டேப்பைப் பிடித்தால் சில மீட்டர் பிசகும். உச்சியிலிருந்து உச்சிக்கு அளந்து, அப்படியே எழுதியும் வையுங்கள். கரையின் உயரம் உட்புறத் தரையிலிருந்து ஒன்று, அகழியின் அடியிலிருந்து ஒன்று: இரண்டும் வேண்டும். கம்பி வேலிக்கு அருகே காம்பஸ் பொய் சொல்லும், தள்ளி நில்லுங்கள்.

உள்ளே நிலவறை வாய் தெரிந்தால் இறங்காதீர்கள், சரியக்கூடும்.

படி 4: படமும் இடக்குறியீடும்
காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் எடுத்தால் தேய்ந்த கரையும் நிழலால் எழும்பித் தெரியும். ஒவ்வொரு படத்துக்கும் நின்ற இடம், பார்த்த திசை இரண்டையும் குறியுங்கள். அடுத்த ஆண்டு அதே இடத்திலிருந்து எடுத்து ஒப்பிட்டால்தான் சேதம் புலப்படும்.

ஆயத்தொலைவு எந்த முறையில் உள்ளது என்று கட்டாயம் எழுதுங்கள். அயர்லாந்தின் வரைபடக் கட்டமுறைகளான பழைய ஐரிஷ் கிரிட்டுக்கும் புதிய ஐடிஎம்முக்கும் கிழக்கில் சுமார் 4,00,000, வடக்கில் சுமார் 5,00,000 மீட்டர் வேறுபாடு. மாற்றிப் போட்டால் புள்ளி கடலில் விழும்.

படி 5: சேதம்
மாடு மிதித்த சேறு, முயல் வளை, கரையில் வேர்விட்ட முள்புதர், கொட்டிய குப்பை: இருப்பதை இருக்கும் அளவோடு எழுதுங்கள். புதரைப் பிடுங்கிச் ‘சுத்தம்’ செய்யாதீர்கள். வேரோடு மண்ணடுக்கும் கிளம்பிவிடும். அரசின் தொல்லிடப் பதிவேட்டில் உள்ள இடத்தில் வேலை செய்ய, இரண்டு மாதம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று 1994ஆம் ஆண்டுச் சட்டம் வைத்தது.

உலோகம் தேடும் கருவியை எடுத்தே போகாதீர்கள். 1980இல் டெரினஃப்ளான் எனும் பழைய மடத்து இடத்தில் புதையல் அப்படி வெளிவந்தபின், 1987இல் சட்டம் கடுமையானது. மேல்மண்ணில் பொருள் ஏதேனும் தற்செயலாகக் கண்ணில் பட்டால், இருந்த இடத்திலேயே விட்டுப் படமெடுத்து, தேசிய அருங்காட்சியகத்துக்கு உடனே சொல்லுங்கள். புதிய சேதம் என்றால் தேசிய நினைவுச்சின்னச் சேவைக்குப் படங்களோடு அன்றே எழுதுங்கள்.