ராஸ்டெரியோ: 1.0-க்கு முந்தைய நிரலைப் புதிய பதிப்புக்கு மாற்றுவது எப்படி?

செயற்கைக்கோள் படங்கள், நில உயரத் தரவு போன்ற ராஸ்டர் (படப்புள்ளிகளின் கட்டமாகச் சேமிக்கப்பட்ட) கோப்புகளைப் பைத்தானில் கையாளப் பலரும் நாடும் திறமூல நிரலகம் ராஸ்டெரியோ. மேப்பாக்ஸ் என்ற வரைபட நிறுவனத்தில் உருவான இது, கோப்புகளைத் திறக்கவும் எழுதவும் உள்ளே புவியியல் கோப்புகளுக்கான ஜிடால் (GDAL) நிரலகத்தையே நம்பியிருக்கிறது. 2018-இல் 1.0 பதிப்பு வெளியானபோது இதன் இடைமுகம் பல இடங்களில் மாறியது. அதற்கு முன் எழுதப்பட்ட நிரல் ஒன்று உங்கள் கைக்கு வந்திருந்தால், அதை எந்த வரிசையில் திருத்துவது என்பதை இங்கே பார்க்கலாம்.

பழைய நிரல் இன்னும் ஓடுகிற கணினி இருந்தால், எதையும் தொடுவதற்கு முன் அதில் ஒரு மாதிரிக் கோப்பைத் திறந்து, அதன் நான்கு எல்லைகளையும் சில படப்புள்ளிகளின் ஆயத்தொலைவுகளையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு தனி மெய்நிகர் சூழலில் புதிய பதிப்பை நிறுவுங்கள்.

அடுத்து, பெயர் மாறியவற்றைத் திருத்துங்கள். ஓர் அலைவரிசையை, அதாவது படத்தின் ஓர் அடுக்கை (band), படிக்கப் பயன்பட்ட 'ரீட்_பேண்ட்' இப்போது இல்லை. அதன் இடத்தில் 'ரீட்' செயற்கூறுக்கு அலைவரிசை எண்ணைக் கொடுக்க வேண்டும். பைத்தான் பட்டியல்கள் 0-இல் தொடங்கினாலும் அலைவரிசை எண் 1-இல்தான் தொடங்குகிறது. 'டிரைவர்ஸ்' என்பதற்குப் பதில் 'என்வ்' என்றும், 'ரீட்_மாஸ்க்' என்பதற்குப் பதில் 'டேட்டாசெட்_மாஸ்க்' என்றும் எழுதுங்கள். இவற்றில் ஒன்றை விட்டுவிட்டாலும் நிரல் அந்த வரியிலேயே பிழை காட்டி நின்றுவிடும் என்பதால், இந்தப் படியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

கவனம் முழுவதும் தேவைப்படுவது 'டிரான்ஸ்ஃபார்ம்' என்ற பண்பில்தான், ஏனெனில் அதன் பெயர் அப்படியே இருக்க, உள்ளடக்கம் மட்டும் மாறிவிட்டது. முன்பு அது ஜிடால் வரிசையில் ஆறு எண்களைத் தந்தது. அஃபைன் வடிவம் (வரிசை, நெடுவரிசை எண்களை ஆயத்தொலைவாக மாற்றும் கணிதப் பொருள்) வேண்டுவோர் 'அஃபைன்' என்ற வேறொரு பண்பை அழைத்தனர். இப்போது 'டிரான்ஸ்ஃபார்ம்' என்பதே அஃபைன் பொருளைத் தருகிறது. 10 மீட்டர் படப்புள்ளி கொண்ட ஒரு படத்தின் மேல் இடது மூலை கிழக்கில் 399960, வடக்கில் 1400040 என்று வைத்துக்கொள்வோம். பழைய வரிசை (399960, 10, 0, 1400040, 0, -10). புதிய வரிசை (10, 0, 399960, 0, -10, 1400040).

பழைய நிரல்கள் பெரும்பாலும் 0-ஆம் எண்ணுடன், நெடுவரிசையை 1-ஆம் எண்ணால் பெருக்கிக் கூட்டி, கிழக்கு ஆயத்தொலைவைக் கணக்கிடும். அதே வரி புதிய பதிப்பிலும் பிழையின்றி ஓடும். ஆனால் 1-ஆம் இடத்தில் இப்போது 0 இருப்பதால், எந்த நெடுவரிசையைக் கேட்டாலும் விடை 10 என்றே வரும். 3-ஆம் எண்ணுடன், வரிசையை 5-ஆம் எண்ணால் பெருக்கிக் கூட்டிப் பெறும் வடக்கு ஆயத்தொலைவோ படத்தின் முதல் வரிசையில் 0, அடுத்த வரிசையில் 1400040 என்று தாவும். எச்சரிக்கை ஒன்றும் வராது. ஆகவே 'டிரான்ஸ்ஃபார்ம்' என்ற சொல்லை நிரல் முழுவதும் தேடி, அதற்குப் பின் சதுர அடைப்புக்குறிக்குள் எண் வரும் ஒவ்வோர் இடத்தையும் மாற்றுங்கள். அஃபைன் பொருளை (நெடுவரிசை, வரிசை) என்ற இணையால் பெருக்கினாலே போதும், ஆயத்தொலைவு கிடைத்துவிடும். ஜிடால் வரிசை வேறெங்காவது கட்டாயம் தேவைப்பட்டால், 'டு_ஜிடால்' என்ற செயற்கூறு அதைத் தரும்.

இதே வகையைச் சேர்ந்தது 'யுஎல்' செயற்கூறின் மாற்றம். அது படப்புள்ளியின் மேல் இடது மூலையைத் தந்தது; அதன் இடத்தில் வந்த 'எக்ஸ்ஒய்', நாம் வேறு சொல்லாவிட்டால், நடுப்புள்ளியைத் தருகிறது. மேற்கண்ட படத்தில் (0, 0) படப்புள்ளிக்கு விடை 399965, 1400035 என்று வரும். மூலைதான் வேண்டும் என்றால் 'ஆஃப்செட்' அளவுருவில் 'யுஎல்' என்று குறிப்பிடுங்கள். இந்தச் செயற்கூறுக்கு வரிசை முதலிலும் நெடுவரிசை பின்னரும் தரப்பட வேண்டும், அதாவது மேலே சொன்ன பெருக்கலுக்கு நேர்மாறாக. இந்த முரண்பாட்டைத் தவிர்த்திருக்கலாம் என்றே தோன்றுகிறது.

படத்தின் ஒரு பகுதியை மட்டும் படிப்பதற்கு இப்போது 'விண்டோ' பொருள் உண்டு. முன்பு ((100, 356), (512, 768)) என்று வரிசைகளின் தொடக்கமும் முடிவும், பின்னர் நெடுவரிசைகளின் தொடக்கமும் முடிவும் எழுதப்பட்டன. 'விண்டோ' பொருளில் நெடுவரிசைத் தொடக்கம், வரிசைத் தொடக்கம், அகலம், உயரம் என்ற முறையில் (512, 100, 256, 256) என்று எழுத வேண்டும்.

ஆயத்தொலைவு முறைமையை 'இனிட்' என்ற திறவுகோல் கொண்ட அகராதியாக எழுதும் பழக்கத்தைக் கைவிட்டு, 'இபிஎஸ்ஜி:4326' (அட்சரேகை, தீர்க்கரேகை முறைமையின் குறியீடு) என்பது போன்ற ஒற்றைச் சரமாக எழுதுங்கள்.

இறுதியாக, முதலில் குறித்து வைத்த எல்லைகளுடன் புதிய நிரலின் விடையை ஒப்பிடுங்கள். நம் மாதிரிப் படம் 10980 வரிசைகளும் 10980 நெடுவரிசைகளும் கொண்டதென்றால், வலது எல்லை 509760 ஆகவும் கீழ் எல்லை 1290240 ஆகவும் இருக்க வேண்டும். எல்லைகள் பொருந்தியும் படப்புள்ளிகளின் ஆயத்தொலைவுகள் சரியாக 5 மீட்டர் விலகி நின்றால், 'எக்ஸ்ஒய்' அழைக்கப்படும் இடங்களில் 'ஆஃப்செட்' விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.