பிறபொருளெதிரியின் சீனிக் கிளையை வரைந்து படிப்போம்

பிறபொருளெதிரியில் சீனி ஒட்டியிருக்கிறது என்றால் வெள்ளவத்தை வீடுகளில் பெரியவர்கள் சீனி வருத்தத்தைத்தான் நினைப்பார்கள். குளுக்கோஸ் கூடிக் குறைவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது புரதத்தோடு பிணைந்த ஒரு சிறு கிளை. முடக்குவாதம் (மூட்டு அழற்சி நோய்), லூபஸ் (உடலின் பல பாகங்களைத் தாக்கும் அழற்சி நோய்), குரோன் நோய் (குடல் அழற்சி நோய்) போன்றவற்றில் அந்தக் கிளையின் நுனி மாறுகிறது. மனப்பாடம் செய்ய வேண்டாம், வரைந்தால் போதும். ஒரு ஏ4 தாளும் நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு, ஊதாப் பென்சில்களும் எடுங்கள். நிறங்களும் வடிவங்களும் ஆய்வுக் கட்டுரைகளில் வழக்கமாக வருபவைதான்.

படி 1: ஆங்கில ஒய் எழுத்துப் போல ஐஜிஜியை (இரத்தத்தில் மிகுதியாக உள்ள பிறபொருளெதிரி வகை) வரையுங்கள். தண்டில் இரண்டு பாரச் சங்கிலிகளும் (நீளமான புரத இழைகள்) அருகருகே ஓடும். ஒவ்வொன்றிலும் 297ஆம் இடத்திலுள்ள அஸ்பரஜின் என்ற அமினோவமிலத்தில் ஒரு புள்ளி வையுங்கள். சீனிக் கிளை தொடங்குவது அங்கேதான்.

படி 2: புள்ளியிலிருந்து நீலச் சதுரம் இரண்டு (என்-அசிற்றைல் குளுக்கோசமைன்), மேலே பச்சை வட்டம் ஒன்று (மனோஸ்). அங்கிருந்து கிளை இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு பிரிவிலும் ஒரு பச்சை வட்டம், அதன் நுனியில் ஒரு நீலச் சதுரம். மொத்தம் ஏழு சீனிகள். இதுதான் ஜி0. அடியிலுள்ள முதல் நீலச் சதுரத்தில் பெரும்பாலும் ஒரு சிவப்பு முக்கோணமும் (ஃபியூக்கோஸ்) இருக்கும். அது இல்லாத ஐஜிஜி, இயற்கைக் கொல்லிக் கலங்கள் என்ற நோயெதிர்ப்புக் கலங்களின் வாங்கியை (மேற்பரப்பிலுள்ள பிடிப்புப் புரதம்) மிக இறுக்கமாகப் பிடிக்கும்.

படி 3: நுனியில் மஞ்சள் வட்டம், அதாவது கலக்டோஸ். ஒன்று போட்டால் ஜி1, இரண்டு போட்டால் ஜி2. ஜி1இல் அது எந்தப் பிரிவிலும் உட்காரலாம், அதனால் பகுப்பாய்வு வரைபடத்தில் ஜி1க்கு இரண்டு முகடுகள் தெரிவதுண்டு. குழம்பாதீர்கள், இரண்டும் ஜி1தான். ஊதா வைரமான சியாலிக் அமிலம் மஞ்சளின் மேல் மட்டுமே ஏறும். மஞ்சள் இல்லையென்றால் ஊதாவும் இல்லை.

படி 4: இனிக் கணக்கு. பயிற்சிக்காக நானே போட்ட எண்கள் இவை. முதலாம் ஆளுக்கு ஜி0 30, ஜி1 50, ஜி2 20 வீதம். 100 கிளைகளில் மஞ்சளுக்கு 200 இடங்கள். நிரம்பியவை 50 + 40 = 90, அதாவது 45 வீதம். இரண்டாம் ஆளுக்கு 50, 40, 10 என்றால் 40 + 20 = 60, அதாவது 30 வீதம். அழற்சி நோய்களில் ஐஜிஜி சாய்வது இந்தப் பக்கம்தான்.

முடக்குவாதத்தில் கலக்டோஸ் குறைவதை 1985இலேயே நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். எனக்குப் பிடித்தது கர்ப்பகாலச் செய்தி. கர்ப்பத்தில் கலக்டோஸ் கூடுகிறது, பலருக்கு மூட்டு வலியும் தணிகிறது. பிள்ளை பிறந்தபின் கலக்டோஸ் இறங்க, வலியும் திரும்புகிறது. முடக்குவாதத்துக்கே உரிய சில பிறபொருளெதிரிகளில் நோய் வெளிப்படச் சில மாதங்களுக்கு முன்பே இந்த மாற்றம் தெரிந்திருக்கிறது. ஆனால் எது காரணம், எது விளைவு என்று இதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

படி 5: ஒப்பிடும்போது வயதைப் பாருங்கள். முதுமையிலும் ஜி0 கூடும், காசநோயிலும் கூடும். அதனால் "ஜி0 கூட, ஆகவே முடக்குவாதம்" என்று எழுதினால் நான் புள்ளி போடமாட்டேன். கொழும்பில் ஆய்வுகூடம் தரும் றிப்போர்ட்டில் அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி அளவுகள் இருக்கும், இந்தக் கணக்கு இருக்காது. இது இன்னும் ஆராய்ச்சிக் கருவிதான்.

அப்புறம், ஐஜிஏ என்ற வேறொரு பிறபொருளெதிரி சார்ந்த சிறுநீரக நோயிலும் கலக்டோஸ் குறைவு என்று படிப்பீர்கள். அது ஐஜிஏ1 என்ற உபவகையின் பிணைச்சல் பகுதியில் (ஒய்யின் கைகளும் தண்டும் சேரும் இடம்) உள்ள வேறு வகைச் சீனி. அதை இந்தப் படத்தில் தேடாதீர்கள், தனித் தாளில் வரையுங்கள்.