வெந்த மீனை மறுபடி வேகவைக்காதீர்கள்: ரின் மீன் சமையலில் நாம் விடும் பிழைகள்

காற்றும் மழையுமாகக் கடலுக்கு யாரும் போகாத கிழமைகளில் எங்கள் வீட்டில் ரின் மீன்தான். கடையில் போய் “ஒரு சமன் தாங்கோ” என்று கேட்போம். உள்ளே இருப்பது சமன் என்கிற சல்மன் மீன் இல்லை, பெரும்பாலும் மக்கரல். பெயர் ஒட்டிக்கொண்டது, நாமும் விடவில்லை.

பெரியம்மா நல்ல மீனை அருமையாகச் சமைப்பார். ரின் மீனைத்தான் கொன்றுவிடுவார். பச்சை மீனுக்குச் செய்வதை எல்லாம் அதற்கும் செய்வார்: உப்பும் மஞ்சளும் பிரட்டி வைப்பது, பழப்புளி கரைத்து விடுவது, தேங்காயின் தண்ணிப்பாலில் இருபது நிமிடம் கொதிக்க வைப்பது. இறக்கும்போது சட்டியில் ஒரு துண்டு முழுதாக இருக்காது. ஒடியல் கூழில் மீன் கரைந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், குழம்பில் கரைந்தால் சொல்வார்கள்.

ஆலையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இந்தப் பிழை வராது. தலையையும் குடலையும் நீக்கி வெட்டிய துண்டுகளை ரின்னில் அடுக்கி, உப்புத் தண்ணீரோ தக்காளிச் சாறோ எண்ணெயோ விட்டு, காற்றுப் புகாமல் மூடுகிறார்கள். அதன் பிறகுதான் ரின்னோடு சேர்த்து 115 முதல் 121 பாகை செல்சியஸ் வரையான சூட்டில் அவிக்கிறார்கள். நம் வீட்டுப் பிரஷர் குக்கர் விசிலடிக்கும்போது உள்ளே இருக்கும் சூடு ஏறக்குறைய அதுதான். ஆகவே ரின்தான் அந்த மீனின் சட்டி. மூடியை வெட்டும்போது நீங்கள் திறப்பது சமைத்து முடித்த ஒரு கறிச்சட்டியை.

இதை மனதில் வைத்தால் குழம்பின் வரிசை தானாக மாறிவிடும். முதலில் குழம்பு, கடைசியில் மீன். வெங்காயம், பச்சை மிளகாய், உள்ளி, கறிவேப்பிலை, ரம்பை எல்லாம் இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் வதங்கட்டும். கறித்தூளை அந்த எண்ணெயிலேயே ஒரு நிமிடம் பிரட்டுங்கள். தக்காளி கரைந்து, தண்ணிப்பால் விட்டுக் கொதித்து, குழம்பு உங்களுக்குப் பிடித்த தடிப்புக்கு வரட்டும். இவ்வளவும் மீன் இல்லாமலே. ருசி பார்த்துச் சரி என்றானதும் துண்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி, மேலே கொஞ்சம் முதற்பாலை விட்டு, மெல்லிய நெருப்பில் மூன்று நான்கு நிமிடம் வைத்தால் போதும். அகப்பையால் கிண்ட வேண்டாம், சட்டியின் இரு பக்கமும் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றுங்கள். துண்டு துண்டாகவே இருக்கும்.

“ருசி பார்த்து” என்றேனே, அங்கேதான் அடுத்த பிழை. குழம்புக்கு வழக்கமாகப் போடும் உப்பை முதலிலேயே போட்டுவிடுகிறோம். மீன் ஏற்கெனவே உப்பில் ஊறி வெந்தது, குழம்பில் இறங்கியதும் அந்த உப்பையும் விடும். ரின்னின் பக்கத்தில் சோடியம் எவ்வளவு என்று போட்டிருக்கும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஏறக்குறைய 1 கிராம் உப்பு என்று கணக்கு வையுங்கள். பெரியவர் ஒருவர் நாளுக்கு 5 கிராம் உப்புக்குள் நிற்க வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. எனவே மீன் இறங்கிய பிறகுதான் உப்பு, அதுவும் தேவைப்பட்டால். வீட்டில் பிறஷர் உள்ளவர் இருந்தால் உப்புத் தண்ணீரை வடித்து ஊற்றிவிட்டு, துண்டுகளை வடிதட்டில் வைத்து மெதுவாகத் தண்ணீர் விட்டு அலசுங்கள். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு அலசினால் மீன் வடிதட்டின் கண் வழியே போய்விடும்.

தக்காளிச் சாற்று ரின் என்றால் வடிக்க வேண்டாம். அந்தச் சாறே பாதிக் குழம்பு. அதற்குப் பழப்புளியும் வேண்டாம். பலர் இரண்டு புளிப்பையும் சேர்த்துவிட்டு, சரிக்கட்டச் சீனி போடுகிறார்கள். எண்ணெயில் போட்ட ரின்னில் எண்ணெயை வடித்துவிட்டு, தாளிக்க அதிலேயே ஒரு கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி முள். இது எனக்கு மனம் பொறுக்காத விஷயம். துண்டை இரண்டாகப் பிளந்து, நடுமுள்ளை நுள்ளி எடுத்துக் குப்பையில் போடுபவர்கள் நிறையப் பேர். ஒரு தடவை அந்த முள்ளை எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து அழுத்திப் பாருங்கள். கரும்பலகைச் சுண்ணக்கட்டி போல மாவாகும். அவ்வளவு சூட்டில் வெந்த முள் தொண்டையில் குத்தாது. முள்ளோடு சேர்த்துச் சாப்பிட்டால் 100 கிராம் ரின் மக்கரலில் 240 மில்லிகிராம் அளவில் கல்சியம் இருக்கிறது, ஒரு தம்ளர் பாலில் இருப்பதற்குக் குறைவில்லை. பால் குடிக்காத பிள்ளைக்கு இதைவிட லேசான வழி ஏது? முள் தெரிந்தால் பிள்ளை முகம் சுளிக்கும் என்றால் முள்ளோடு மசித்துவிடுங்கள், கண்டுபிடிக்க மாட்டார்கள். எடுக்க வேண்டியது ஒன்று உண்டு: நடுமுள்ளை ஒட்டிச் சில துண்டுகளில் இருக்கும் கருஞ்சிவப்பு இரத்தக் கோடு. அது கொஞ்சம் கசக்கும்.

மசித்த மீன் என்றதும் கட்லட்டும் ரோல்ஸும் நினைவுக்கு வரும். வரட்டும், எனக்கும் பிடிக்கும். ஆனால் உருளைக்கிழங்கோடு பிசைந்து, பாண்தூளில் உருட்டி, தாச்சி நிறைய எண்ணெயில் பொரித்ததை “மீன்தானே, சத்து” என்று சொல்லிச் சாப்பிடக் கூடாது. அது பலகாரம். இரவுச் சாப்பாட்டுக்கு வேண்டுமென்றால் வறை செய்யுங்கள். சுறா வறை தெரிந்த கைக்கு இது சின்ன வேலை. வெங்காயமும் செத்தல் மிளகாயும் வதங்கியதும் இரண்டு கைப்பிடி முருங்கையிலை, அது சுருண்டதும் உதிர்த்த மீன், மஞ்சள், மிளகுதூள், கடைசியில் ஒரு பிடி தேங்காய்ப்பூ. பத்து நிமிட வேலை. அரை இறாத்தல் பாணும் ஒரு குழம்பும் என்று முடிப்பதைவிட, இந்த வறையும் குத்தரிசிச் சோறும் வயிற்றுக்கு எவ்வளவோ நல்லது.

அளவிலும் ஒரு ஏமாற்றம் இருக்கிறது. பெரிய ரின்னில் 425 கிராம் என்று எழுதியிருக்கும், அது தண்ணீரோடு சேர்ந்த எடை. வடித்த எடை என்று சின்ன எழுத்தில் 280 கிராம் போல ஏதாவது போட்டிருக்கும். விலை ஒப்பிடும்போது அந்தச் சின்ன எழுத்தைப் பாருங்கள். மூன்று பேருக்கு ஒரு ரின் தாராளம்.

வாங்கும்போது வீங்கிய ரின்னை எடுக்க வேண்டாம். மூடியை அமுக்கினால் டக்கென்று உள்ளே போய் வெளியே வருவதும், விளிம்பு மடிப்பில் நசுங்கியதும், துருப்பிடித்துக் கசிந்ததும் வேண்டாம். உள்ளே கிருமி வேலை செய்திருக்கலாம். அப்படி ஒரு கிருமி உண்டாக்கும் பொட்டுலிசம் நஞ்சுக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை, ஆகவே “கொஞ்சம் ருசி பார்க்கிறேன்” என்பது இங்கே ஆபத்து. மலிவு விலையில் போட்டிருந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள்.

அப்புறம், வெட்டிய ரின்னை மேசையில் மறப்பது. மூடி இருக்கும்வரை ஆண்டுக்கணக்கில் கெடாத மீன், மூடி போனதும் வேறெந்தக் கறியையும் போலத்தான். சொல்லப் போனால் மக்கரல், சூரை, சாளை மூன்றும் இன்னும் மோசம். சூட்டில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்றொரு பொருள் உண்டாகிறது. முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலையிடிக்கும். ஒவ்வாமை என்று நினைத்துக்கொள்வோம். மறுபடி கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. மிச்சத்தை ரின்னோடு வைக்காமல் கண்ணாடிப் போத்தலிலோ பாத்திரத்திலோ மாற்றி உடனே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

ஒரு தடவை என் மச்சாள் பதறிக்கொண்டு அழைத்தாள், மீனுக்குள் கண்ணாடித் துண்டாம். ரின்னைத் தூக்கி எறியப் போனவளை நிறுத்தி, “ஒரு கோப்பையில் வினாகிரியைச் சூடாக்கி அதற்குள் போடு” என்றேன். சில நிமிடத்தில் அதன் முனைகள் மழுங்கி, பிறகு கரைந்தே போனது. மீனில் உள்ள மக்னீசியமும் பொஸ்பேற்றும் சேர்ந்து ரின்னுக்குள் சில வேளை பளிங்கு கட்டும், ஸ்ட்ருவைட் என்று பெயர். அதனால் தீங்கில்லை. கரையவில்லை என்றால்தான் கண்ணாடி, அப்போது ரின்னைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.

வெந்த மீன் என்று இவ்வளவு சொன்ன பிறகு, அடுப்பே இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சின்ன வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து, பச்சை மிளகாயும் ஒரு தக்காளியும் வெட்டிப் போட்டு, கையால் பிசையுங்கள். வடித்த மீனை அதன்மேல் பெரிதாக உதிர்த்து, மிளகுதூள் தூவி, அரைத் தேசிக்காயைப் பிழியுங்கள். உப்பைத் தொடாதீர்கள். நான் வெள்ளவத்தையில் அறை எடுத்து இருந்த நாட்களில், மின்சாரம் போன இரவுகளில் மெழுகுதிரி வெளிச்சத்தில் செய்து பழகிய சம்பல் இது. அடி பிடிக்காத ஒரே கறி என்று அறைக்காரர்கள் சொல்வார்கள்.