குற்றாலத்தில் படகு ஏறுகிறவர்கள் செய்யும் தவறுகள்

சாரல் தொடங்கிவிட்டால் போதும், அருவியில் நிற்க இடம் கிடைக்காதவர்கள் ஐந்தருவி ரோட்டில் இருக்கும் வெண்ணமடைக் குளத்துக்கு வந்துவிடுவார்கள். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு குழாம் அங்கேதான். மிதி படகு, துடுப்புப் படகு என்று பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

லைஃப் ஜாக்கெட்டை நீட்டினால் முதலில் முகம் சுளிப்பவர் நீச்சல் தெரிந்தவராகத்தான் இருப்பார். "தாமிரவருணியில குதிச்சு வளந்தவனுக்கு இது எதுக்கு அண்ணாச்சி?" ஆற்றில் குதிக்கும்போது சட்டையைக் கழற்றிவிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நாமாகக் குதிக்கிறோம். படகு கவிழ்ந்தால் ஜீன்ஸும் செருப்புமாக, பக்கத்தில் இருப்பவர் கழுத்தைக் கட்டிப்பிடிக்க, எதிர்பாராமல் விழுவோம். இரண்டும் ஒன்றா?

ஜாக்கெட்டை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு கொக்கியைப் போடாமல் விடுவதும் போடாததற்குச் சமம்தான். பெரியவர் அளவைப் பிள்ளைக்கு மாட்டினால், தண்ணீரில் ஜாக்கெட் மேலே மிதக்கும், பிள்ளை கீழே நழுவிவிடும். வாரை இறுக்கிவிட்டு, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரைக்கும் ஏறி வந்தால் சின்ன அளவு கேளுங்கள். சின்ன அளவு கிடைக்கவில்லை என்றால் பிள்ளையைப் படகில் ஏற்றாதீர்கள், அழுதாலும் சரி.

அப்புறம், நடுக்குளத்தில் எழுந்து நின்று செல்ஃபி எடுப்பது, இடம் மாறி உட்காருவது. சின்னப் படகில் ஒருவர் எழுந்தாலே ஆட்டம் கண்டுவிடும். பெரிய படகும் இதற்கு விலக்கில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். நம் பக்கத்திலிருந்து சுற்றுலா போனவர்களும் அதில் உண்டு. கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள் என்றார்கள். படகின் அமைப்பிலேயே கோளாறு என்றும் விசாரணையில் வந்தது. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் 22 பேர் இறந்ததற்கு அளவுக்கு மீறி ஆள் ஏற்றியது முக்கியக் காரணம். "இன்னும் ரெண்டு பேர்தானே, நெருக்கி உக்காருவோம்" என்று யாராவது சொன்னால் இறங்கிவிடுங்கள்.

காற்றைக் கணக்கில் எடுக்காதது இந்த ஊருக்கே உரிய தவறு. சீசனில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று வீசி அடிக்கும். காற்றோடு கிழக்கே போகும்போது மிதிக்கவே வேண்டியிருக்காது. திரும்பும்போதுதான் கால் கடுக்கும். முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள், களைத்த பிறகு அதுவே கரைக்குத் தள்ளிவிடும்.

மோட்டார் படகு என்றால் வேகம்தான் பிரச்சினை. காரையாறு அணையில் பாணதீர்த்த அருவிக்குப் படகு விட்ட காலத்தில் போனவர்களுக்கு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாயும் படகு நினைவிருக்கும். சின்னப் படகுகள் பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும் என்று ஓட்டுகிறவர்கள் நினைக்கிறார்கள். அந்த நடுத்தர வேகத்தில்தான் பின்பக்கம் அமுங்கி, மிகப் பெரிய அலையைக் கிளப்பும். மூக்கு தண்ணீரோடு படிந்து, பின்னால் அலையே தெரியாத அளவுக்குக் குறைக்க வேண்டும். அதற்காகச் சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து. தன் அலையே பின்னாலிருந்து படகுக்குள் ஏறிவிடும். தூரத்திலேயே குறைத்துக்கொண்டு வருவதுதான் சரி.

எஞ்சினை நிறுத்தும் கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் தொங்கவிடுவது இன்னொரு அலட்சியம். ஓட்டுகிறவர் தெறித்து விழுந்தால் அந்தக் கயிறுதான் எஞ்சினை அணைக்கும். மாட்டாவிட்டால் ஆளில்லாத படகு விசிறியைச் சுழற்றியபடியே ஓடும்.

இவ்வளவுக்குப் பிறகும் கவிழ்ந்துவிட்டால்? கரை கிட்டத்தில் தெரிகிறதே என்று நீந்தப் பார்க்காதீர்கள். கவிழ்ந்த படகு பெரும்பாலும் மிதக்கும்; அதையே பிடித்துக்கொண்டு சத்தம் போடுங்கள். கரையில் நிற்பவர்களும் உடனே குதித்துவிடக் கூடாது. மூழ்குகிறவர் காப்பாற்ற வந்தவரையும் சேர்த்து அமுக்கிவிடுவார். கயிறு, முடிச்சுப் போட்ட சேலை, மூடி இறுக்கிய காலி கேன், எது கைக்குக் கிடைத்தாலும் வீசுங்கள். ஒருவர் வீசும்போது இன்னொருவர் 112-க்குப் போன் போடட்டும்.