படகு ஜிபிஎஸ் பதிவுகளுக்கு எந்த எக்ஸ்எம்எல் க்வெரி என்ஜின் வேகம்? நீங்களே சோதித்துப் பார்க்க

பாம்பன், மண்டபம், தொண்டி பக்கம் படகில் இருக்கும் ஜிபிஎஸ் கருவியின் பாதைப் பதிவை ஜிபிஎக்ஸ் கோப்பாக எடுத்தால் அது அப்படியே எக்ஸ்எம்எல்தான், அதாவது ஒவ்வொரு தகவலையும் பெயர்க்குறிக்குள் வைத்து எழுதிய உரைக் கோப்பு. அதில் கேள்வி (க்வெரி) கேட்டுத் தேடித் தரும் மென்பொருள்தான் க்வெரி என்ஜின்; பேஸ்எக்ஸ், எக்ஸிஸ்ட்-டிபி, சாக்ஸன் ஹெச்இ (சாக்ஸனின் இலவசப் பதிப்பு) மூன்றுமே இலவசம், மூன்றும் ஜாவாவில் ஓடுபவை. எது வேகம் என்று அடுத்தவர் போட்ட அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உங்கள் கோப்பை வைத்தே பாருங்கள்.

நேரத்தை அளக்கும் முன் விடையைச் சரிபாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் ஜிபிஎக்ஸ் கோப்பின் தலையில் இருக்கும் நேம்ஸ்பேஸ், அதாவது இந்தப் பெயர்க்குறிகள் எந்த வகையைச் சேர்ந்தவை என்று சொல்லும் முகவரி. அதை க்வெரியில் அறிவிக்காமல் பாதைப் புள்ளிகளைக் கேட்டால் பிழை எதுவும் வராது, காலி விடைதான் வரும், அதுவும் கண் இமைக்கும் நேரத்தில், நீங்களும் ஆகா என்ன வேகம் என்று குறித்துக்கொள்வீர்கள். பேஸ்எக்ஸில் கோப்பை ஏற்றும்போதே நேம்ஸ்பேஸைக் கழற்றிவிடும் வசதி வேறு உண்டு. அங்கே கழற்றிவிட்டு எக்ஸிஸ்டில் அப்படியே விட்டால் ஒரே க்வெரி ஒன்றில் புள்ளிகளைக் கொட்டும், இன்னொன்றில் சும்மா இருக்கும். அதனால் ஒவ்வொரு க்வெரிக்கும் எத்தனை புள்ளிகள் வந்தன என்பதை மூன்றிலும் எண்ணி, ஒத்துப்போன பிறகே கடிகாரத்தைப் பாருங்கள்.

ஆனால் அந்த எண்ணிக்கை க்வெரியையே வேகச் சோதனையாக வைக்கக் கூடாது. மொத்தப் புள்ளிகள் எத்தனை என்று கேட்டால் பேஸ்எக்ஸ் தரவைத் தொடாமலே, தான் சேர்த்து வைத்திருக்கும் புள்ளிவிவரத்திலிருந்து சொல்லிவிடும். நேரம் பார்க்கும்போது விடையை முழுசாக ஒரு கோப்பில் எழுதச் சொல்லுங்கள், திரையில் ஓடவிட வேண்டாம்.

அப்புறம், எதை அளக்கிறோம் என்பது. சாக்ஸன் ஒவ்வொரு முறையும் கோப்பைப் படித்து நினைவகத்தில் மரமாகக் கட்டிக்கொண்டுதான் பதில் தேடும். மற்ற இரண்டும் ஒரு தடவை ஏற்றி, இண்டெக்ஸ் (எது எங்கே இருக்கிறது என்ற தேடல் பட்டியல்) போட்டு வைத்துக்கொள்ளும். தினமும் புதுக் கோப்பு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்பவருக்கு ஏற்றும் நேரமும் கணக்கில் வர வேண்டும், வருஷப் பதிவைச் சேர்த்து வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்பவருக்கு க்வெரி நேரம் மட்டும் போதும். இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள். மூன்றும் ஜாவா என்பதால் முதல் சில ஓட்டங்கள் மந்தமாகத்தான் இருக்கும், அவற்றை விட்டுவிட்டு மீதியில் நடு மதிப்பை எடுங்கள். ஜாவாவுக்குக் கொடுக்கும் நினைவகம் மூன்றுக்கும் ஒரே அளவு.

இண்டெக்ஸ் விஷயத்தில்தான் ஓரவஞ்சனை நுழையும். பேஸ்எக்ஸ் தானாகவே அட்ரிப்யூட்களுக்கு (பெயர்க்குறிக்குள்ளேயே எழுதப்படும் மதிப்புகள், புள்ளியின் அகலாங்கு மாதிரி) இண்டெக்ஸ் போட்டுக்கொள்ளும், ஆனால் அது ‘இதற்குச் சமம்’ என்ற தேடலுக்குத்தான் நன்றாகக் கைகொடுக்கும், அகலாங்கு 9.3க்கு வடக்கே உள்ள புள்ளிகள் என்று கேட்டால் அதை நம்ப முடியாது. எக்ஸிஸ்டில் அகலாங்கை எண் என்று சொல்லி ரேஞ்ச் இண்டெக்ஸ் (இதைவிடப் பெரியது, சிறியது என்ற தேடலுக்கானது) நீங்களே எழுத வேண்டும், எழுதியபின் மறு இண்டெக்ஸ் செய்ய மறக்க வேண்டாம்.

தேதியை வைத்துத் தேடும்போது இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில்தான், நாட்டுப்படகுப் பதிவு மட்டும் கொஞ்சம் இருக்கும். மே மாதத் தேதியைக் கேட்டால் நாலு விடை, ஜூலை என்றால் கொத்தாக வரும். இண்டெக்ஸ் உள்ள என்ஜின் முதலாவதில் பறக்கும், இரண்டாவதில் அந்த இடைவெளி குறைந்துவிடும். இரண்டு மாதத்தையும் சோதியுங்கள்.

எக்ஸ்மார்க் என்ற பொதுச் சோதனையும் உண்டு, ஏலத் தளம் ஒன்றின் தரவு மாதிரி, 20 க்வெரிகள், அளவு 1 என்று கொடுத்தால் சுமார் 100 எம்பி கோப்பு உருவாகும். 8 முதல் 12 வரையிலானவை ஜாயின்கள் (இரண்டு பட்டியல்களைப் பொருத்திப் பார்க்கும் க்வெரிகள்), என்ஜினின் சாயம் அங்கேதான் வெளுக்கும். தரவு பத்து மடங்கானால் நேரமும் பத்து மடங்கு என்றால் சரி, நூறு மடங்கு என்றால் உள்ளே சுழலுக்குள் சுழல் ஓடுகிறது. சாக்ஸனின் கட்டணப் பதிப்பில் ஜாயினை வேகமாக்கும் ஆப்டிமைசேஷன் உண்டு, ஹெச்இயில் இல்லை. நினைவகம் போதாமல் ஏதாவது நின்றுவிட்டால் உங்கள் அட்டவணையில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடாமல், எந்த அளவில் நின்றது என்பதையே அங்கே எழுதுங்கள், அதை விட்டுவிட்டு மீதிக்கு மட்டும் சராசரி போடாதீர்கள்.